ஒரு கையகலக் காற்று

நோலீன் பெய்ர்டைப் பற்றி யாராவது "பாவம், நல்ல உழைப்பாளி" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உழைப்பாளி என்று சொல்லிவிட்டால் தீர்ந்ததா? அவள் என்ன வேலை செய்தாள், எந்த இடத்தில் மல்லாந்து கிடந்து செய்தாள் என்று எங்கள் ஊரான வின்டனில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்கள் வீட்டுத் தரைக்கு அடியில்தான் செய்தாள். மேலே நின்று டிவி பார்த்தவர்களுக்குக் கீழே அவள் இருந்தது ஞாபகம்கூட இருக்காது.

எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் நான் அவளுக்கு வெளியாள். தரைக்கு அடியில் வெள்ளித்தாள் அடிக்கிற தொழிலில் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. உள்ளே போக ஒல்லியான உடம்பு வேண்டும். நோலீனுக்கு ஐந்தடி உயரம்கூட இல்லை, எடையைச் சொன்னால் அடிப்பாள். நான் மர்டோ. என் வயிற்றைப் பார்த்தவர்கள் நான் ஏன் வெளியாள் என்று கேட்கமாட்டார்கள்.

எங்கள் பக்கத்து வீடுகள் எல்லாம் மரம்; குட்டைத் தூண்கள் மேல் நிற்பவை. தரைப்பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே முழங்கால் உயரம் இருக்கும், பல வீடுகளில் அதுவும் கிடையாது. மே கடைசியில், எங்கள் பக்கம் குளிர்காலம் தொடங்கும்போது, தெற்கிலிருந்து காற்று கிளம்பினால் அந்தச் சந்துக்குள் புகுந்து பலகை வழியாக மேலே ஏறும். இரண்டு காலுறை போட்டாலும் பாதம் விறைத்துவிடும். பலகைக்கு அடியில் ஓடும் சட்டங்களுக்கு நடுவே அலுமினியத் தாளைத் தொங்கவிட்டு, இருபக்கமும் பின் அடித்துக்கொண்டே போக வேண்டும். உள்ளே இருப்பவர் மண்ணில் மல்லாந்து கிடந்து, இடது கையால் தாளைத் தாங்கி, வலது கையில் பின்துப்பாக்கியைப் பிடித்து, முதுகாலேயே நகர்ந்து நகர்ந்து செய்வார். வெளியாள் தாளை அளந்து வெட்டி, ஆள் நுழைகிற சுவரடிப் பொந்து வழியாக உள்ளே தள்ளுவார். இதில் யாருக்கு என்ன கஷ்டம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதற்கு முன் நோலீன் இறைச்சித் தொழிற்சாலையில் வரிசையில் நின்று இருபத்தாறு வருஷம் ஆட்டுத்தோள் வெட்டியவள். அந்த வரிசையை மூடியபோது அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. கணவன் டிரெவர் சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டு வீட்டோடு கிடந்தான். மனுஷன் இரவெல்லாம் இருமுவான், அவள் எழுந்து உட்கார்ந்து முதுகைத் தடவுவாள். காலையில் ஏழரைக்கு என் வண்டியில் ஏறும்போது அவள் கண் இரண்டும் சிவந்திருக்கும். "தூங்கினியா?" என்று கேட்டால், "தூங்கினதா ஞாபகம் இல்ல. அப்ப தூங்கியிருப்பேன்" என்பாள்.

அவளுக்கு ஒரே கணக்குதான். அறுபத்தைந்து வயதானால் அரசாங்க ஓய்வூதியம் வரும். அதுவரை இந்த வேலை கையை விட்டுப் போகக் கூடாது. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் அவளை வேறு யார் வேலைக்கு எடுப்பார்கள்? அதை அவள் அழுது சொன்னதில்லை. ஆனால் பிறந்தநாள் வரும்போதெல்லாம், "இன்னும் எட்டு", "இன்னும் ஏழு" என்று என்னிடம் சொல்வாள்.

எங்கள் முதலாளி கிரெய்க் கெட்டவன் இல்லை, அவசரக்காரன். அவனுக்கும் அவளுக்கும் எப்போதும் ஒரே சண்டை.

"ஒரு வீட்டுக்கு ஒன்றரை நாளா நோலீன்? இன்வர்கார்கில் டவுன்ல பசங்க ஒரே நாள்ல ரெண்டு வீட்டை முடிச்சிட்டுப் போய்ப் பீர் குடிக்கிறாங்க."

"முடிப்பாங்க. தாளைப் பலகையோட ஒட்டி இழுத்து அடிச்சா நானும்தான் முடிப்பேன். அப்புறம் அது எதுக்கு? எலி முகம் பாத்துக்கிறதுக்கா?"

"வீட்டுக்காரன் கீழ வந்து பாக்கப்போறானா?"

"அவன் கால் பாத்துக்கும்."

அவள் சொன்னதுதான் சரி. தாள் பலகையைத் தொட்டால் சூடு அப்படியே தாளுக்கு இறங்கி வெளியே ஓடிவிடும். தாள் வயிறு தள்ளினமாதிரி தொய்ந்து தொங்க வேண்டும். பலகைக்கும் தாளுக்கும் நடுவே ஒரு கையகலம் காற்று அசையாமல் நிற்க வேண்டும். கம்பளிப் போர்வை அந்தக் காற்றுதான்; தாள் அதற்குக் காவல், மேலிருந்து வருகிற சூட்டை மேலேயே திருப்பி அனுப்புகிற வேலையும் அதற்கு. நோலீன் இரண்டு சட்டத்துக்கு நடுவே ஒவ்வொரு சந்திலும் கட்டைவிரலை விரித்துக் கையை உள்ளே நுழைத்து அளப்பாள். கை இடிக்காமல் போனால்தான் அடுத்த பின். ஒரு வீட்டில் முப்பது சந்து இருந்தால் முப்பது தடவை. ஓரத்திலும் கிழிசலிலும் நாடா ஒட்டாமல் வெளியே வரமாட்டாள், ஏனென்றால் காற்று ஓட வழி இருந்தால் அது போர்வை இல்லை, சன்னல்.

எனக்கே சில நாள் எரிச்சலாக இருக்கும். மழையில் நின்றுகொண்டு, "அளந்தது போதும் தாயே, வெளியே வா" என்று கத்தியிருக்கிறேன்.

இடையிடையே அவள் ஓய்வு எடுப்பாள். இரண்டு சந்து முடிந்ததும் பின்துப்பாக்கியை மார்பின்மேல் வைத்துவிட்டு இரண்டு நிமிஷம் அசையாமல் கிடப்பாள். புதிதாக அடித்த தாளுக்கு அடியில் கிடந்தால் தன் மூச்சுச் சூடே தன் முகத்துக்குத் திரும்பி வருமாம். "வீட்ல கிடைக்காத சுகம்டா இது" என்பாள். அவளுடைய வாழ்க்கையில் சுகம் என்று அவள் சொல்லி நான் கேட்டது அந்த ஒன்றுதான்.

வெளியாளுக்கு இன்னொரு வேலை உண்டு. சொல்லப்போனால் அதுதான் முதல் வேலை. தரைக்கு அடியில் சட்டங்களை ஒட்டி மின்கம்பி ஓடும். பழைய வீடுகளில் எது எங்கே போகிறது என்று கட்டியவனுக்கே தெரியாது. இரும்புப் பின் ஒன்று தவறிக் கம்பியில் இறங்கினால், அந்தத் தாளிலும் அதைத் தொடுகிற மற்றத் தாள்களிலும் மின்சாரம் ஏறிவிடும். ஈர மண்ணில் முதுகு, மூக்குக்கு ஒரு முழம் மேலே மின்சாரம் ஏறிய தாள். அதனால் உள்ளே ஆள் நுழையும் முன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், ஆள் வெளியே வரும்வரை வெளியாள் மீட்டர் பெட்டி பக்கத்தை விட்டு நகரக் கூடாது. எனக்கு அதற்குத்தான் சம்பளம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நோலீனுக்கு ஐம்பத்தொன்பது நடந்துகொண்டிருந்த வருஷம், ஜூலை மாதம், ஆல்பி டெம்பிள்டன் என்பவர் வீட்டுக்குப் போனோம். லைம்ஹில்ஸ் போகிற சாலையில் தனி வீடு. ஆயுசு முழுக்க ஆட்டு ரோமம் கத்தரித்த மனுஷர், எண்பதை நெருங்கிவிட்டார், குனிந்த இடுப்பு குனிந்தபடியே நின்றுவிட்டது. மனைவி போய் மூன்று வருஷம். அதற்கு முந்தின வாரம்தான் கிரெய்க் நோலீனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, இனி ஒரு புகார் வந்தால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

நான் ஆல்பியிடம் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "ஐயா, மெயினை அணைக்கிறோம். நாங்க சொல்ற வரைக்கும் அதைத் தொடக்கூடாது."

"அப்ப டீக்கு என்ன பண்றது?"

"நாங்க பிளாஸ்க்ல கொண்டாந்திருக்கோம்."

அவர் முகம் சுண்டிப்போனது. "என் வீட்டுக்கு வேலைக்கு வந்துட்டு உங்க பிளாஸ்க்ல குடிப்பீங்களா? எம் பொண்டாட்டி இருந்திருந்தா உன் காதைத் திருகியிருப்பா."

"இன்னைக்கு ஒரு நாள் மன்னிச்சிடுங்க."

"என்னமோ போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எங்கள் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. வேலையாள் வந்தால் பத்தரை மணிக்கு டீ போட வேண்டும், கூடவே தின்ன ஏதாவது வைக்க வேண்டும். கூரையில் ஓட்டை இருக்கலாம், வங்கியில் கடன் இருக்கலாம், டீ கொடுக்காமல் ஆளை அனுப்பினான் என்கிற பேர் மட்டும் வரக் கூடாது. மனைவி இருந்தவரை அந்த வீட்டில் அது நடந்ததில்லை. தன் காலத்தில் நடந்துவிடுமோ என்று அந்த மனுஷர் காலையிலிருந்து உள்ளே புழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். இதெல்லாம் பிறகு யோசித்தது.

பத்து மணிக்குப் பனிமழை பிடித்துக்கொண்டது. உள்ளேயிருந்து டக், டக் என்று பின் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த தாளை வெட்ட வேண்டும், சுருள் வண்டியில் இருந்தது, வண்டி வாசல் கேட்டுக்கு வெளியே நின்றது. போனேன். போனவன் வெட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்க வேண்டும். கை விறைத்திருந்தது, கத்தி பிடிக்க வரவில்லை. வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டுக்கொண்டேன். ஐந்து நிமிஷம் என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். இருபது நிமிஷம் ஆகியிருக்கும்.

தாளை வெட்டிக்கொண்டு திரும்பும்போது ஆல்பி சமையலறைக் கதவைத் திறந்து கையை ஆட்டினார். "வாப்பா, ஆறிடும். அந்தம்மாவுக்கும் எடுத்து வச்சிருக்கேன்."

போனேன். போய் உட்கார்ந்தேன். மீட்டர் பெட்டி முன்வாசல் பக்கம், சமையலறை பின்பக்கம். பெட்டியை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போவோம் என்று தோன்றவே இல்லை. மேசைமேல் டீ. தட்டில் சீஸ் தடவிச் சுருட்டி வாட்டிய ரொட்டி, மேலே வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. சமையலறை மூலையில் பழைய நிலக்கரி அடுப்பு ஒன்று இருந்தது. அதில் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். உண்மையில் நினைக்கக்கூட இல்லை, குடித்தேன். குளிரில் வந்தவனுக்கு டீ கிடைத்தால் அது எப்படிக் கொதித்தது என்று ஆராய்ச்சி பண்ணத் தோன்றுமா? எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். உலகத்தில் வேறு யாருக்குத் தோன்றாவிட்டாலும் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஒரு சுருள் தின்றேன். அரை கோப்பை குடித்தேன். ஆல்பி மனைவியின் கைப்பக்குவம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். முதுகைச் சூடாக்கிக்கொள்ளலாம் என்று எழுந்துபோய் அடுப்போரம் நின்றேன். அடுப்பு சில்லென்று இருந்தது. மேலே கைவைத்துப் பார்த்தேன், தூசி ஒட்டியது. அப்போது மூலையில் பிரிட்ஜ் உறுமத் தொடங்கியது.

கோப்பை எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. முன்வாசலுக்கு ஓடினேன். சுவிட்ச் மேலே, போட்டபடி இருந்தது. அதைக் கீழே தள்ளிவிட்டுப் பொந்துக்கு ஓடி மண்டியிட்டேன்.

"நோலீன்."

பதில் இல்லை.

"நோலீன்."

பின் விழும் சத்தமும் இல்லை. அது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது, நான்தான் வண்டியில் சூடு காய்ந்துகொண்டிருந்தேனே. டார்ச்சை உள்ளே அடித்தேன். பத்து அடி தள்ளி அவளுடைய பூட்ஸ் இரண்டும் என்னைப் பார்த்தபடி இருந்தன. அசையவில்லை. தலையை நுழைத்தேன், தோளில் மாட்டிக்கொண்டேன். உள்ளே போகவும் முடியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை. வாயெல்லாம் மண். டிரெவரிடம் போய் என்ன சொல்வேன் என்று அந்த நிலையில் யோசித்தேன். அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன், அதில் என்ன வெட்கம். அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன்.

இடது பூட்ஸ் அசைந்தது.

"என்னடா? எதுக்கு இப்படிக் கத்தறே?"

அவள் முதுகாலேயே நகர்ந்து பொந்துக்கு வந்தாள். நான் என்னைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு கலவரத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"தூங்கிட்டேன் மர்டோ. சத்தியமா தெரியாமத்தான். கண்ணை மூடினேன், அவ்ளோதான் தெரியும். ராத்திரி பூரா அவருக்கு இருமல். எவ்ளோ நேரம் தூங்கினேன்?"

நான் வாயைத் திறந்தேன்.

"கிரெய்க்கிட்ட சொல்லிடாதே. உன் கால்ல விழறேன், சொல்லிடாதே. இன்னும் ஆறு வருஷம்தான்."

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதற்குப் பதிலாக, "சொல்லமாட்டேன்" என்றேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். என்னைவிட ஏழு வயது பெரியவள், தப்பு செய்த பிள்ளைமாதிரி என் முன் நின்றாள். தப்பு செய்த நான் பெரிய மனுஷன்மாதிரி, "பரவால்ல விடு" என்றேன்.

உள்ளே போய் ஆல்பியிடம் கேட்டேன். அவர் கீழே உடைந்த கோப்பையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். "டக் டக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு, அப்புறம் நின்னு போச்சு. உன்னையும் காணோம். சரி, ரெண்டு பேரும் வெளிய வந்து நின்னு புகை பிடிக்கிறீங்கன்னு நினைச்சேன். ஒரு அஞ்சு நிமிஷம் போட்டா தண்ணி கொதிச்சிடும்னு... அணைக்க மறந்துட்டேன்பா. எதாவது தப்பாயிடுச்சா?"

"ஒண்ணும் ஆகல" என்றேன். அவருக்கும் பொய்தான்.

மத்தியானம் மூன்று மணிக்கு அன்றைய வேலை முடிந்தது. ஆள் வெளியே வந்தபின் மெயினைப் போட்டு, தொங்கும் தாளின் நுனியில் டெஸ்டரை வைத்துப் பார்ப்பது வழக்கம். ஆயிரம் வீட்டில் வைத்திருப்பேன், ஒருநாளும் எரிந்ததில்லை. அன்று டெஸ்டர் சிவப்பாக எரிந்தது.

நோலீன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்ப மெயினை அணைத்தேன். அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கால் மணி நேரத்தில் வந்தாள். "குளியலறைச் சட்டம். காலையில ரெண்டாவதா அடிச்சது. கம்பிக்குள்ள நேரா இறங்கியிருக்கு" என்று பின்னை என் உள்ளங்கையில் வைத்தாள். "தூக்கக் கலக்கத்துல அடிச்சிருக்கேன் பாரு. வயசாயிடுச்சுடா எனக்கு."

காலையில் இரண்டாவதாக அடித்தது. அப்படியானால் ஆல்பி சுவிட்சைப் போட்டபோது அந்தப் பின் கம்பியில் இருந்தது. கால் மணிக்கு மேல் தாளில் மின்சாரம் நின்றிருக்கிறது. அவள் அதற்கு அடியில் பின்துப்பாக்கியை மார்பில் வைத்து, கை இரண்டையும் அதன்மேல் கட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறாள். விழித்திருந்தால் கையளவு பார்க்கத் தாளைத் தொட்டிருப்பாள். அதைத்தானே அவள் செய்வாள், முப்பது சந்துக்கு முப்பது தடவை. எனக்கு அங்கேயே வாந்தி வந்தது. சீஸ் ரொட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன்.

மின்சாரக்காரரைக் கூப்பிட்டுக் கம்பியை மாற்றினோம். கிரெய்க் கேட்டதற்கு, பழைய கம்பி, இடம் தெரியவில்லை என்று சமாளித்தேன். அவன் முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டான். வேலை போகவில்லை. அன்று மாலை வண்டியில் நோலீன், "நீ நல்லா இருப்பேடா" என்றாள். மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் சொல்லவில்லை. ஒருநாள் தள்ளிப்போட்டதைச் சொல்வதே கஷ்டம், ஒரு வாரம் தள்ளிப்போட்டதை எப்படிச் சொல்வது? மாதம் ஆனது, வருஷம் ஆனது.

அதன்பிறகு நான் மீட்டர் பெட்டியை விட்டு நகர்ந்ததே இல்லை. தாள் எல்லாவற்றையும் காலையிலேயே வெட்டிப் பொந்துக்குப் பக்கத்தில் அடுக்கிவிடுவேன். மழையோ பனியோ பெட்டிக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். யார் வீட்டிலும் டீ குடிப்பதில்லை. எனக்குத் திமிர் என்று ஊரில் பேர் வந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, "நோலீன்" என்று கூப்பிடுவேன். "இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். சில நாள் கொஞ்சம் சலிப்போடு, "வேலைதான் பாக்கறேன்டா" என்பாள். அந்தக் குரல் வந்தால் போதும், நெஞ்சுப் பாரம் இறங்கும்.

இன்னொன்றும் நடந்தது. பின் விழும் சத்தம் நிற்பது நின்றுபோனது. முன்பு இரண்டு சந்துக்கு ஒரு தடவை அமைதியாகும். இப்போது காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் டக், டக் என்று மதியம்வரை ஓயாது. கிரெய்க் சந்தோஷமாகிவிட்டான். "நோலீனுக்கு வயசு ஏறுதா இறங்குதா? ஒரே நாள்ல முடிச்சிடறா" என்றான். கையகலம் அளப்பதையும் அவள் விடவில்லை. அளந்துகொண்டே அந்த வேகம். நான் அதில் ஒரு குற்றமும் காணவில்லை. சத்தம் வருகிறது, ஆள் உயிரோடு இருக்கிறாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்த முட்டாள் நான்.

அதற்கு மூன்றாவது வருஷம் டிரெவர் போய்ச் சேர்ந்தான். வெள்ளிக்கிழமை அடக்கம், திங்கள்கிழமை காலை ஏழரைக்கு அவள் வாசலில் நின்றாள். பிறகு தாளே கூடாது, பின் அடித்து ஆட்கள் செத்தது போதும் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. பஞ்சுப் பாய் வந்தது, அதையும் மல்லாந்து கிடந்துதான் சொருக வேண்டும். அவள் தோள் போய்விட்டது. சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க என்னிடம் நீட்டுவாள். "டாக்டர்கிட்ட போ" என்றால், "போனா படுக்கச் சொல்வான். நான் நாள் பூரா படுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்பாள்.

அறுபத்தைந்து வந்தது. பந்தாட்ட மன்றத்துக் கூடத்தில் வழியனுப்பு வைத்தார்கள். வழக்கம்போல ஆளுக்கொரு தட்டு பலகாரம் கொண்டுவந்தார்கள். கிரெய்க் ஒரு சாய்வு நாற்காலி வாங்கித் தந்து நாலு நல்ல வார்த்தை சொன்னான். நோலீனைப் பேசச் சொன்னார்கள். அவள் பேசமாட்டாள் என்றுதான் நினைத்தேன். எழுந்து நின்றாள்.

"நான் ஒண்ணு சொல்லணும் கிரெய்க். இப்ப நீ என்னை ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "ஆறு வருஷம் முன்னாடி ஒரு வீட்டுக்குக் கீழ நான் தூங்கிட்டேன். வேலை நேரத்துல. அது மட்டும் இல்ல, அன்னைக்குக் கம்பியில பின்னும் அடிச்சேன். இந்த மர்டோவுக்குத் தெரியும். இவன் யார்கிட்டயும் மூச்சு விடல. ஒரு தடவைகூட என்கிட்டயே சொல்லிக்காட்டினது இல்ல. இவன் சொல்லியிருந்தா டிரெவர் கடைசி காலத்துல நாங்க ரெண்டு பேரும் தெருவுல நின்னிருப்போம்."

கை தட்டினார்கள். யாரோ என் முதுகில் அடித்தார்கள். கிரெய்க் வந்து என் கையைக் குலுக்கினான். என் வாழ்க்கையில் எனக்காக ஒரு கூடம் கை தட்டியது அந்த ஒரு தடவைதான். எனக்குத் தரைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம்போல இருந்தது.

நாற்காலியை வண்டிக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவளை வீட்டில் விடக் கிளம்பினேன். அவளால் கையைத் தூக்கி இருக்கை வாரை இழுக்க முடியவில்லை. நான் குனிந்து மாட்டிவிட்டேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டினேன்.

"நோலீன், அன்னைக்கு ஆல்பி வீட்ல கரண்ட் இருந்துச்சு."

"எப்போ?"

"நீ தூங்கினப்போ. அவர் டீ போட சுவிட்சைப் போட்டுட்டார். நான் பெட்டிகிட்ட இல்ல. வண்டியில உக்காந்து குளிர் காஞ்சேன். அப்புறம் உள்ள போய் அந்த டீயைக் குடிச்சேன்."

அவள் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எவ்ளோ நேரம்?"

"கால் மணிக்கு மேல."

"அந்தப் பின்?"

"அப்பவே கம்பியில இருந்துச்சு."

"அப்ப நான் முழிச்சிருந்தேன்னா..."

"ஆமா."

அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு, "அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை என்னைக் கூப்பிடுவியே, அது எதுக்கு?" என்று கேட்டாள்.

"நீ உயிரோட இருக்கியான்னு."

"நான் மறுபடி தூங்கறேனான்னு பாக்கிறேன்னு நினைச்சேன்."

வண்டியைக் கிளப்பினேன். அவள் வீட்டு வாசலில் நிறுத்தி, வாரைக் கழற்றிவிட்டேன். அவள் இறங்கவில்லை.

"அதுக்கப்புறம் ஒரு நாள்கூட நான் கீழ கண்ணை மூடல மர்டோ. கையைக்கூடக் கீழ இறக்கல, சத்தம் நின்னா நீ சந்தேகப்படுவேன்னு. தோள் பிஞ்சு போற மாதிரி வலிக்கும். ஒரு தடவை தூங்கினவளுக்கு ஓய்வு என்ன கேடுன்னு நானே என்னைத் திட்டிக்குவேன்." அவள் நிறுத்தினாள். "அந்தத் தூக்கம்தான் என்னைக் காப்பாத்துச்சா?"

"ஆமா."

"ஆறு வருஷம்டா."

"திட்டு நோலீன். என்ன வேணும்னாலும் சொல்லித் திட்டு."

அவள் கதவைத் திறந்து மெதுவாகக் காலைக் கீழே வைத்தாள்.

"திட்டணும்தான்" என்றாள். "தெம்பு இல்ல. நாற்காலியை உள்ள கொண்டாந்து போட்டுட்டுப் போ."